ஸ்டீரிங் சொன்ன பேச்சைக் கேட்குமா?

வெள்ளிக்கிழமை என்றால் ஒடுகத்தூரில் ஆட்டுச் சந்தை. ஜவ்வாது மலைக் கிராமங்களில் இருந்து ஆடுகளை இறக்கிக்கொண்டு வருவார்கள். பேரம் நடக்கும். துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அந்தச் சந்தையில் ஒரு பெரியவர் என்னைப் பிடித்துக்கொண்டார். அவருடைய மகன் வாடகைக் கார் ஓட்டுகிறவன்.

"சார், டீசல் விலை கட்டுப்படி ஆகலே. கரண்ட்டு கார் வாங்கலாம்னு பையன் ஒத்தைக் காலிலே நிக்கிறான். ஆனா மலையிலே போறப்போ ஸ்டீரிங் திரும்பாம நின்னு போயிடும்னு சொல்றாங்களே, நெசமா?"

நியாயமான கேள்வி. சமவெளியில் ஸ்டீரிங் மக்கர் செய்தால் வயலில் இறங்கும். மலையில் மக்கர் செய்தால்?

ஒடுகத்தூருக்கு மேலே பீஞ்சமந்தை போன்ற ஊர்களுக்கு நல்ல சாலை வந்ததே சமீப ஆண்டுகளில்தான். இன்னும் சில ஊர்களுக்குச் சாலை வரவேண்டியிருந்தது. 2023-ம் ஆண்டு மே மாதம் அல்லேரி மலையில் ஒரு குழந்தையைப் பாம்பு கடித்தது. குழந்தை இறந்தது. சாலை இல்லாததால் அதன் உடலைத் தாய் தூக்கிக்கொண்டு மலை ஏறி நடந்தாள். நாடே பார்த்துக் கண்ணீர் விட்டது. இப்படிப்பட்ட இடத்தில் வண்டி என்பது ஆடம்பரம் அல்ல. உயிர் காக்கும் பொருள். அதனால்தான் அது நம்பக்கூடியதாக இருக்கவேண்டும்.

பெரியவரின் கேள்விக்கு "ஆமாம்" என்றோ "இல்லை" என்றோ ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. கொஞ்சம் விவரமாகத்தான் சொல்லவேண்டும்.

ஸ்டீரிங்குக்கு ஓர் எடுபிடி ஆள்

சைக்கிளில் கைப்பிடியைத் திருப்பினால் முன்சக்கரம் திரும்புகிறது. நடுவில் வேறு யாரும் இல்லை.

காரில் அப்படி அல்ல. நாம் பிடிக்கும் வட்டத்தில் இருந்து ஒரு தண்டு கீழே போகிறது. தண்டின் முனையில் பல் சக்கரம். அது பல் வைத்த ஒரு சட்டத்தை இடமும் வலமும் நகர்த்துகிறது. அந்தச் சட்டத்தின் இரண்டு முனைகளிலும் இருக்கும் கம்பிகள் சக்கரங்களைத் திருப்புகின்றன.

அந்தக் காலத்து லாரி டிரைவர்களைக் கேட்டுப் பாருங்கள். வண்டி நிற்கும்போது ஸ்டீரிங்கைத் திருப்ப இரண்டு தோளும் வேண்டும். இப்போது ஒரு விரலால் திருப்புகிறார்கள். எப்படி? நடுவே ஒரு சின்ன மின் மோட்டார் உட்கார்ந்திருக்கிறது. நாம் கொஞ்சம் திருப்பினால், மீதியை அது திருப்பிக் கொடுக்கிறது. இதுதான் பவர் ஸ்டீரிங்.

இந்த எடுபிடி ஆள் திடீரென்று வேலைநிறுத்தம் செய்துவிட்டால் என்ன ஆகும்? ஸ்டீரிங் பூட்டிக்கொள்ளாது. ஆனால் கல்லாகக் கனக்கும். ஒரு விரலால் திருப்பிப் பழகியவன் கொண்டை ஊசி வளைவில் திகைத்துப் போவான். அந்தத் திகைப்பு இரண்டு விநாடி நீடித்தால் போதும்.

பெட்ரோல் காரிலும் இதே மோட்டார்தான் இப்போது இருக்கிறது. ஆகவே இது மின்சாரக் காருக்கு மட்டும் வந்த நோய் அல்ல. ஆனால் மின்சாரக் காரில் பாட்டரியே நூற்றுக்கணக்கான கிலோ கனம். வண்டி கனமாக இருந்தால், எடுபிடி ஆள் இல்லாதபோது திருப்புவதும் அவ்வளவு கஷ்டம்.

ஒரு போல்ட்டைக் காணோம்!

அமெரிக்காவில் டெஸ்லா என்ற கம்பெனி மின்சாரக் கார் செய்கிறது. உலகப் பணக்காரர் ஈலான் மஸ்க் நடத்தும் கம்பெனி. 2025-ம் ஆண்டு ஜூலையில் பம்பாயிலும் கடை திறந்தது. அது விற்கும் மாடல் ஒய் என்ற காரில் 2023-ம் ஆண்டு ஒரு கூத்து நடந்தது.

கூத்து என்றா சொன்னேன்? உள்ளே இருந்தவர்களுக்கு அது கூத்து அல்ல. ஓடிக்கொண்டிருந்த காரில் ஸ்டீரிங் வட்டம் கழன்று கையோடு வந்துவிட்டது!

இப்படி இரண்டு புகார்கள் அமெரிக்க சர்க்காரின் சாலைப் பாதுகாப்பு இலாகாவுக்கு வந்தன. இலாகா விசாரித்தது. வட்டத்தைத் தண்டோடு பிணைத்து நிறுத்தும் போல்ட்டே அந்த இரண்டு கார்களிலும் இல்லை! தொழிற்சாலையில் கார் முடிந்த பிறகு ஏதோ ரிப்பேருக்காக ஸ்டீரிங்கைக் கழற்றியிருக்கிறார்கள். மறுபடி மாட்டியிருக்கிறார்கள். போல்ட்டைப் போட மறந்துவிட்டார்கள். பல்லோடு பல் இறுகிய பிடிப்பிலேயே கார் கொஞ்ச நாள் ஓடியிருக்கிறது. பிறகு கழன்றது.

இரண்டே புகார். அதற்காக சுமார் 1,20,000 கார்களைப் பற்றி விசாரணை தொடங்கினார்கள். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நம் நாட்டுக் கதைக்கு வருவோம்.

பன்னிரண்டு பேர் எழுதினார்கள்

அதே ஆண்டு ஜூலையில் இன்னொரு விசாரணை. இதுவும் டெஸ்லாதான். மாடல் 3, மாடல் ஒய் என்ற இரண்டு வகைக் கார்கள். "ஸ்டீரிங் கனத்துப் போகிறது", "திருப்பவே முடியவில்லை" என்று 12 பேர் எழுதிப்போட்டார்கள். ஏறக்குறைய 2,80,000 கார்களைப் பற்றி இலாகா விசாரிக்க ஆரம்பித்தது.

 2024 பிப்ரவரியில் புகார்களின் எண்ணிக்கை 2,388. விசாரணை மேல் கட்டத்துக்குப் போனது.

2025 பிப்ரவரியில் கம்பெனி 3,76,241 கார்களைத் திரும்ப அழைப்பதாக அறிவித்தது. என்ன கோளாறு? ஸ்டீரிங் மோட்டாரை ஆட்டுவிக்கும் மின் அட்டை ஒன்று சில சமயம் தாங்கமாட்டாமல் கெட்டுப்போகிறது. கார் ஓடும்போது உடனே தெரியாது. நின்று மறுபடி கிளம்பும்போது தெரியும். ஸ்டீரிங் கனக்கும்.

"திரும்ப அழைப்பது" என்றவுடன் மூன்றே முக்கால் லட்சம் கார்களும் வரிசையாகத் தொழிற்சாலை வாசலில் போய் நின்றன என்று நினைத்துவிடாதீர்கள். காருக்குள் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. அதற்குக் கட்டளைகள் உண்டு. அந்தக் கட்டளைகளைக் கம்பெனி ஆகாய மார்க்கமாகவே அனுப்பி மாற்றிவிடுகிறது. செல்போனுக்குப் புதுப்பிப்பு வருகிறதல்லவா, அதைப்போல.

இது வசதிதான். ஆனால் எனக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. நேற்று இரவு வீட்டு வாசலில் நிறுத்திய காரும், இன்று காலை எடுக்கும் காரும் ஒன்று அல்ல. நடுவில் யாரோ வந்து மாற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். என்ன மாற்றினார்கள் என்று சொந்தக்காரருக்கு விளங்கும்படி சொல்லவேண்டாமா?

நம் நாட்டில் என்ன நடந்தது?

இனி நம் பக்கம் வருவோம். மின்சார வண்டி இப்போது வெளிநாட்டுச் சமாசாரம் அல்ல. நம் அண்டை மாவட்டச் சமாசாரம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓலா தொழிற்சாலை. ஓசூரில் டி.வி.எஸ்., ஏதர். ராணிப்பேட்டையில் ஆம்பியர். தூத்துக்குடியில் வியட்நாம் நாட்டு வின்ஃபாஸ்ட் கம்பெனி 2025 ஆகஸ்டில் கார் தொழிற்சாலையைத் திறந்தது. நம் பிள்ளைகள் பலருக்கு இவற்றில்தான் வேலை. ஆகவே இந்தத் தொழில் நன்றாக நடக்கவேண்டும் என்ற ஆசையோடுதான் இதை எழுதுகிறேன்.

ஓலா ஸ்கூட்டரின் முன்சக்கரத்தை ஒரு பக்கத்துக் கை மட்டும் தாங்கும்படி செய்திருந்தார்கள். இதைத்தான் ஃபோர்க் என்பார்கள். ஸ்கூட்டருக்கு ஸ்டீரிங் என்றால் அதுதான். கைப்பிடி சொல்வதைச் சக்கரத்துக்கு எடுத்துப்போவது அது. 2022-ம் ஆண்டில் "ஃபோர்க் உடைந்துவிட்டது" என்று பல ஊர்களில் சொந்தக்காரர்கள் படம் பிடித்துப் போட்டார்கள். சக்கரம் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம் கிடந்தது. கம்பெனி என்ன சொன்னது? பயப்பட ஆதாரம் இல்லை, தக்கபடி சோதித்துத்தான் செய்திருக்கிறோம் என்றது. அப்படிச் சொல்லிக்கொண்டே 2023 மார்ச்சில், விரும்புகிறவர்களுக்குப் புதிய ஃபோர்க்கை இலவசமாக மாற்றித் தருகிறோம் என்றும் அறிவித்தது.

பயப்பட ஆதாரம் இல்லை என்றால் எதற்காக மாற்றித் தரவேண்டும்? இந்தக் கேள்வி எனக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் மாற்றிக் கொடுத்தது நல்ல காரியம். அதையும் சொல்லிவிடவேண்டும்.

மின்சார வண்டிக்காரர்களை மட்டும் குறை சொல்லக்கூடாது. மாருதி கம்பெனி 2023 ஜூலையில் எஸ்பிரஸ்ஸோ, ஈகோ என்ற இரண்டு வகை வண்டிகளில் 87,599-ஐத் திரும்ப அழைத்தது. ஸ்டீரிங்கில் சக்கரத்தைத் தள்ளும் கம்பி சில வண்டிகளில் உடையக்கூடும் என்று சந்தேகம். 2024 ஆகஸ்டில் ஆல்ட்டோ கே-10 வண்டிகள் 2,555. அதுவும் ஸ்டீரிங் கோளாறுதான். இவை மின்சாரத்தில் ஓடுபவை அல்ல. ஈகோ எத்தனை கிராமங்களில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

சென்னைக்குப் பக்கத்தில் ஹூண்டாய் செய்யும் அயானிக்-5 என்ற மின்சாரக் காரில் வேறு விதமான கோளாறு. மின்சாரக் காரில் பாட்டரி ஒன்றல்ல, இரண்டு. பெரியது காரை ஓட்டும். சின்னது 12 வோல்ட். விளக்கு, கம்ப்யூட்டர் போன்ற சில்லறை வேலைகளுக்கு அதுதான் சோறு போடுகிறது. பெரிய பாட்டரியில் இருந்து சின்ன பாட்டரிக்கு மின்சாரம் கொடுக்கும் கருவி சில கார்களில் கெட்டுப்போகலாம் என்று தெரிந்தது. அது கெட்டால் சின்ன பாட்டரி தீர்ந்துபோகும். பெரிய பாட்டரியில் மின்சாரம் நிறைய இருந்தும் கார் ஓடாமல் நின்றுவிடலாம்! பத்தாயத்தில் நெல் இருக்கிறது, பத்தாயத்தின் சாவியைக் காணோம் என்கிற கதைதான். 2024 ஜூனில் 1,744 கார்களைத் திரும்ப அழைத்துச் சரிபார்த்தார்கள்.

வேலூரில் விடியாத இரவு

ஸ்டீரிங்கைப் பற்றிப் பேசும்போது நெருப்பைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. அதுவும் வேலூர் மாவட்டத்துக்காரன் பேசாமல் இருக்க முடியாது.

2022 மார்ச் 25-ந் தேதி இரவு. வேலூர் சின்ன அல்லாபுரத்தில் ஒரு வீட்டில் புது மின்சார ஸ்கூட்டருக்குச் சார்ஜ் போட்டுவிட்டுப் படுத்தார்கள். வாங்கிச் சில நாள்தான் ஆகியிருந்தது. நள்ளிரவுக்கு மேல் வண்டி தீப்பிடித்தது. புகை வீடு முழுவதும் சூழ்ந்தது. தந்தையும் அவருடைய சின்ன மகளும் மூச்சுத் திணறி இறந்தார்கள்.

நெருப்பு சுட்டு இறக்கவில்லை. புகை மூட்டி இறந்தார்கள். லித்தியம் பாட்டரி எரிந்தால் வரும் புகை நச்சுப் புகை. அது அடுப்புப் புகை அல்ல.

அது ஒகினாவா என்ற கம்பெனியின் ஸ்கூட்டர். சார்ஜ் போட்டதில் ஏற்பட்ட கவனக்குறைவால் ஷார்ட் சர்க்யூட் ஆகியிருக்கவேண்டும் என்று கம்பெனி தரப்பில் சொன்னார்கள். மூன்று வாரம் கழித்து, ஏப்ரல் 16-ந் தேதி அதே கம்பெனி பிரெய்ஸ் புரோ என்ற வகையில் 3,215 ஸ்கூட்டர்களைத் திரும்ப அழைத்தது. பாட்டரியில் இணைப்பு தளர்ந்திருக்கிறதா, சேதம் இருக்கிறதா என்று பார்ப்பதற்காம். அதே மாதம் ஓலா 1,441 ஸ்கூட்டர்களை அழைத்தது. பியூர் கம்பெனி 2,000 ஸ்கூட்டர்களை அழைத்தது. அந்தக் கோடையில் நாட்டில் பல இடங்களில் வண்டிகள் எரிந்தன. தமிழ்நாட்டில் சென்னை மஞ்சம்பாக்கத்தில், மணப்பாறையில்.

மத்திய சர்க்கார் விழித்துக்கொண்டது. பாட்டரிக்குப் புது விதிகள் போட்டது. 2022 டிசம்பர் 1 முதல் ஒரு பகுதியும், 2023 மார்ச் 31 முதல் மறு பகுதியும் நடைமுறைக்கு வந்தன. பாட்டரிக்குள் சூடு ஏறினால் ஓட்டுகிறவருக்கு எச்சரிக்கை கிடைக்கவேண்டும். ஒரு கண்ணி எரிந்தால் அடுத்த கண்ணி உடனே பற்றிக்கொள்ளாதபடி இடைவெளி வேண்டும். இப்படிப் பல.

ஆகவே பழைய மின்சார ஸ்கூட்டரை மலிவாகக் கொடுக்கிறார்கள் என்று வாங்கப் போகிறவர்கள் ஒன்றைப் பார்க்கவேண்டும். எந்த ஆண்டு, எந்த மாதம் செய்த வண்டி? 2023 ஏப்ரலுக்கு முந்தியதா, பிந்தியதா? ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும். ஆட்டுக்குப் பல் பிடித்துப் பார்ப்பதைப்போல இதையும் பார்த்துவிடவேண்டும்.

பெட்ரோல் ஊற்றி எரித்தார்!

வேலூர் சம்பவத்துக்கு ஒரு மாதம் கழித்து ஆம்பூர் பக்கத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. ஒருவருடைய மின்சார ஸ்கூட்டர் நடு ரோட்டில் நின்றுவிட்டது. கம்பெனிக்கு ஃபோன் செய்தார். ஆள் வரத் தாமதமாகிவிட்டது. அவருக்கு வந்ததே கோபம்! பெட்ரோல் வாங்கி வரச்சொல்லித் தன் வண்டியின் மேல் ஊற்றித் தாமே தீ வைத்துவிட்டார். மின்சார வண்டியை எரிக்கப் பெட்ரோல்!

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். வண்டி எரிந்து போய்விட்டது. அதோடு அதில் என்ன கோளாறு இருந்தது என்பதற்கு அத்தாட்சியும் எரிந்து போய்விட்டது. கம்பெனிக்கு இதைவிடச் சௌகரியம் வேறு என்ன வேண்டும்?

கோபப்பட்டவர் அவர் ஒருவர் மட்டும் அல்ல. 2023 செப்டம்பரில் இருந்து 2024 ஆகஸ்டு வரை ஓராண்டில், ஓலா ஸ்கூட்டரைப் பற்றி மட்டும் தேசிய நுகர்வோர் உதவி மையத்துக்கு 10,644 புகார்கள் வந்தன. 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அந்தக் கம்பெனிக்கு "ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது?" என்று நோட்டீசு அனுப்பியது.

இந்த 10,644 பேரும் வண்டியைக் கொளுத்தவில்லை. ஃபோன் செய்தார்கள், எழுதினார்கள். அதனால்தான் நோட்டீசு போனது.

சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் 2 புகாருக்கு ஒரு விசாரணை என்று மேலே சொன்னேன். நம் நாட்டில் எப்படி?

2019-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினார்கள். கோளாறான வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி கம்பெனிக்கு உத்தரவு போட சர்க்காருக்கு அதிகாரம் வந்தது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கின்றன. ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு அந்த விதி பொருந்தும். கம்பெனி தானாக அழைத்தால் சரி. சர்க்கார் உத்தரவு போட்டு அழைக்கவேண்டி வந்தால் 10 லட்சம் ரூபாயில் இருந்து 1 கோடி ரூபாய் வரை அபராதம்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இத்தனை வண்டி விற்றிருந்தால் இத்தனை புகார் வரவேண்டும் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அதிகம் விற்கும் கார் என்றால் ஆயிரத்துக்கு மேல் புகார் தேவை. இரண்டு எங்கே, ஆயிரம் எங்கே? என் அபிப்பிராயத்தில் ஸ்டீரிங், பிரேக், நெருப்பு ஆகிய மூன்றுக்கும் இந்தக் கணக்கைப் பார்க்கக்கூடாது. கை கழன்று வருகிற ஸ்டீரிங்குக்கு ஆயிரம் சாட்சி எதற்கு?

விதி அப்படி இருக்கும்போது நாம் செய்யக்கூடியது ஒன்றுதான். எண்ணிக்கையில் சேரவேண்டும். இங்கேதான் நம் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். "சர்வீஸ் கடையிலே சொன்னேன் சார், பார்த்துக்கறேன்னு சொன்னான்" என்பார்கள். வாயால் சொன்னது எந்தக் கணக்கிலும் ஏறாது. மத்திய சர்க்காரின் வாகன் இணையதளத்தில், வண்டிக் கோளாறைப் பதிவு செய்வதற்கென்றே ஓர் இடம் இருக்கிறது. வீட்டில் படிக்கும் பிள்ளையிடம் சொன்னால் செல்போனிலேயே பதிவு செய்துவிடும். ஃபோனில் சொல்ல நுகர்வோர் உதவி எண் 1915. இன்னும் மேலே போகவேண்டுமானால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. கோளாறு நேர்ந்து இரண்டு ஆண்டுக்குள் போகவேண்டும்.

கடிதம் நீளமாக இருக்கவேண்டியதில்லை. இப்படி இருந்தால் போதும்:

"ஐயா, என் வண்டி எண் இது. வாங்கிய தேதி இது. இன்ன தேதி, இத்தனை மணிக்கு, இன்ன சாலையில், மணிக்கு இத்தனை கிலோமீட்டர் வேகத்தில் போனபோது ஸ்டீரிங் கனத்துப்போனது. இன்ன எச்சரிக்கை விளக்கு எரிந்தது. இதற்கு முன் இத்தனை தடவை இப்படி ஆகியிருக்கிறது. சரிபார்த்து, என்ன செய்தீர்கள் என்று எழுத்தில் பதில் தரவேண்டும்."

அவ்வளவுதான். "மோசடிக்காரர்களே" என்றெல்லாம் எழுதவேண்டாம். கையெழுத்துப் போட்டு, நகல் எடுத்துக்கொண்டு, பதிவுத் தபாலில் அனுப்பினால் ரசீது கிடைக்கும். எச்சரிக்கை விளக்கு எரியும்போதே செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்தால் இன்னும் நல்லது. ஆனால் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு!

இன்னொரு விஷயமும் உண்டு. நீங்கள் எந்த வேகத்தில் போனீர்கள், எப்போது பிரேக் போட்டீர்கள் என்பதை இந்தப் புது வண்டிகள் குறித்து வைக்கின்றன. அந்தக் குறிப்பு கம்பெனியிடம் போய்ச் சேருகிறது. 2022-ல் கௌஹாத்தியில் ஓர் இளைஞர் ஸ்கூட்டர் விபத்தில் அடிபட்டார். பிரேக் கோளாறு என்றார் தந்தை. கம்பெனியோ வண்டியின் குறிப்பை எடுத்து ஊரறிய வெளியிட்டு, "அதிக வேகம்தான் காரணம்" என்றது. யார் சொல்வது உண்மை என்பது ஒருபுறம் இருக்கட்டும். குறிப்பேடு ஒரு கட்சிக்காரர் கையில் மட்டும் இருந்தால் வழக்கு எப்படி நடக்கும்? சொந்தக்காரரும் ஒரு குறிப்பு வைத்திருக்கவேண்டியது அதனால்தான்.

மலை இறங்கும்போது

மறுபடி ஒடுகத்தூருக்கு வருவோம். மலைக்காரர்கள் தெரிந்துகொள்ளவேண்டிய சங்கதி ஒன்று இருக்கிறது. இதைக் கடையில் பலர் சொல்வதில்லை.

மின்சாரக் காரில் காலை எடுத்தவுடனே வண்டி தானாக வேகம் குறையும். ஓடுகிற சக்கரத்தைக் கொண்டே மின்சாரம் உண்டாக்கி, அதைப் பாட்டரியில் சேர்த்துக்கொள்கிறது. அதனால் வண்டி இழுத்துப் பிடித்ததைப்போல் ஆகிறது. மலை இறக்கத்துக்கு இது வரப்பிரசாதம். பிரேக் கட்டை தேயாது. சூடாகாது. இறங்க இறங்கப் பாட்டரியும் கொஞ்சம் நிரம்பும்.

ஆனால் பாட்டரி ஏற்கெனவே முழுக்க நிரம்பி இருந்தால்? நிரம்பிய குடத்தில் தண்ணீர் ஊற்ற முடியுமா? அப்போது இந்த இழுத்துப் பிடிக்கும் குணம் பல வண்டிகளில் வெகுவாகக் குறைந்துவிடும். நேற்று மாலை இறங்கியபோது தானாக நின்ற வண்டி, இன்று காலை வழுக்கிக்கொண்டு ஓடும். வண்டி கெட்டுவிட்டது என்று ஓட்டுகிறவன் பதறுவான். கெடவில்லை. மலை மேல் இரவு முழுவதும் சார்ஜ் போட்டு, காலையில் கீழே இறங்குகிறவர்கள் முழுக்க நிரப்பாமல், நூற்றுக்கு எண்பது தொண்ணூறு அளவில் நிறுத்திக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

ஸ்டீரிங் திடீரென்று கனத்தால், இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொள்ளவேண்டும். பிரேக்கை ஒரே அடியாக மிதிக்காமல் வேகத்தைக் குறைத்து, இடது ஓரம் ஒதுக்கவேண்டும். நிற்கும் வரை வண்டியை அணைக்கக்கூடாது. மலையில் பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குகிற சூரர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். எஞ்சினை அணைத்தால் பவர் ஸ்டீரிங்கும் போகும், பிரேக்கின் பலமும் போகும். கோளாறு இல்லாத வண்டியில் கோளாறைத் தாமே உண்டாக்கிக்கொள்வது இது.

வீட்டுப் பெண்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்கூட்டர் சார்ஜ் போடும் இடத்தை முடிவு செய்யும் அதிகாரத்தை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். வாசல் நடையில் வேண்டாம். தீப்பிடித்தால் வெளியே ஓடும் வழியை அதுவே அடைத்துக்கொள்ளும். மாடிப்படிக்கு அடியிலும் வேண்டாம். பழைய பிளக்கில், மிக்சிக்கும் டி.வி.க்கும் சேர்த்துப் போட்ட நீட்டு வயரில் மாட்டவேண்டாம். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு 15 ஆம்பியர் பிளக் ஒன்று தனியாக, எர்த் வைத்துப் போட்டுக்கொள்ளவேண்டும். மழை படாத வெளித் திண்ணையோ, கொட்டகையோ நல்லது. எல்லோரும் தூங்கும் நேரத்தைவிட, யாராவது விழித்திருக்கும் நேரத்தில் சார்ஜ் போடுவது நல்லது.

பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு ஒரு கேள்வி போட்டார்.

"சரி சார். ஸ்டீரிங் கெட்டுப்போனா எத்தினி நாள்லே பார்ப்பே, இங்கே பக்கத்துலே மெக்கானிக் யாரு, எழுதிக் குடுன்னு கடைக்காரங்ககிட்டே கேட்டா குடுப்பாங்களா?"

வேலூர் இங்கிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல். மின்சாரக் காரின் ஸ்டீரிங்கைத் திறந்து பார்க்கக்கூடிய ஆள் ஒடுகத்தூரில் எனக்குத் தெரிந்து இல்லை. பெரியவர் கேட்டதுதான் சரியான கேள்வி.

"கேட்டுப் பாருங்கள். கொடுக்கிற கடையில் வாங்கச் சொல்லுங்கள்" என்றேன்.

"மூணு கடையிலே கேட்டுட்டு அடுத்த வெள்ளிக்கிழமை சொல்றேன்" என்று ஆட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் போனார்.